பற்று நோட்டும் வாக்குத்தத்த அட்டையும்: நம் சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள போதகர் ஐயர்வாளுக்கும், நம் சபை நிர்வாகத்தைப் பார்க்கிற சேகரக் கமிட்டி அண்ணாச்சிமாருக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாருக்கும் ஸ்தோத்திரம்.

தெற்குத் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற தம்பி எழுதுகிறேன். கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது. இரண்டு வார்த்தை பேசுவதற்குள் யாராவது "சரி தம்பி, உட்காரும்" என்பார்கள், நானும் உட்கார்ந்துவிடுவேன். உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தால் மேஜை டிராயரில் கிடக்கும். அதனால்தான் எல்லாரும் வாசிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புது வருஷத்துக்கென்று வேதவசனம் அடித்துக் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டையை இந்த முறை கலரில், பிளாஸ்டிக் உறை போட்டு அடிக்கப் போவதாகப் போன ஞாயிறு அறிவித்தீர்கள். நல்லதுதான். என் கல்லாப்பெட்டிக்கு மேலேயும் ஒன்பது வருஷத்து அட்டைகள் வரிசையாக ஒட்டியிருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் தினமும் வியாபாரம் பண்ணுகிறேன். பார்த்துக்கொண்டே என்னென்ன செய்தேன் என்பதைச் சொல்லாமல் நான் கேட்க வந்ததைக் கேட்க முடியாது.

2023 டிசம்பர் 17. ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒரு வாரம். அந்த மழையை நம் பக்கத்தில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டாம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர். ஒரு வருஷத்துக்கு நாம் எதிர்பார்க்கிற மழையைவிட அதிகம், ஒரே நாளில். தாமிரபரணி கரை தெரியாமல் ஓடியது. என் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். கீழ்த்தட்டில் இருந்த அரிசி, பருப்பு, சீனி எல்லாம் போயிற்று. மேல்தட்டில் கிறிஸ்துமஸுக்காக வாங்கி வைத்த மெழுகுவர்த்திப் பெட்டிகள் மட்டும் நனையவில்லை.

தண்ணீர் வடிந்தது. கரண்ட் பல நாள் இல்லை. ஊரே மெழுகுவர்த்தி கேட்டு வந்தது. ஐந்து ரூபாய் மெழுகுவர்த்தியைப் பத்து ரூபாய்க்கு விற்றேன்.

பேராசையால் செய்ததாக எனக்கு அப்போது தோன்றவில்லை. பயம்தான். அடுத்த சரக்கு எப்போது வரும், மொத்த வியாபாரிக்கு எதைக் கொடுப்பது, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுவது எப்படி என்று மூன்று இரவு தூக்கமில்லை. நாலாம் நாள் காலையில் விலையை ஏற்றிவிட்டேன். நம் பிரசங்கங்களில் கவலையை ஒரு வியாதி மாதிரி சொல்வோம். பாவம், அவருக்குக் கவலை, ஜெபிப்போம் என்போம். அது அடுத்தவன் வீட்டு வாசல் வரை போகும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்" என்று இயேசு சொன்னதை எனக்குச் சொன்ன ஆறுதல் என்றே நினைத்திருந்தேன். நான் கவலைப்பட்டால் எனக்கு மட்டுமா நஷ்டம்? மெழுகுவர்த்தி வாங்க வந்தவர்கள் அல்லவா பணம் கொடுத்தார்கள்?

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, கர்த்தர் செய்த நன்மையைச் சபைமுன் சொல்கிற சாட்சி நேரத்தில் நான் எழுந்து, கர்த்தர் என் மேல்தட்டுச் சரக்கைத் தண்ணீர் தொடாமல் காத்தார் என்று சொன்னேன். நீங்கள் எல்லாரும் "ஆமென்" சொன்னீர்கள்.

என் பற்று நோட்டுகள் மூன்றும் அந்த வெள்ளத்தில் நனைந்துவிட்டன. பழைய பக்கங்கள் பால்பாயிண்ட் பேனாவில் எழுதியவை, அவை தப்பின. கடைசி நாலைந்து மாதம் ஜெல் பேனாவில் எழுதியிருந்தேன். அதெல்லாம் கரைந்து வெறும் நீலக்கறையாகிவிட்டது. யார் எவ்வளவு தர வேண்டும் என்று ஞாபகத்திலிருந்து ஒரு தாளில் எழுதினேன். பாதிப் பேர் கணக்கு ஞாபகமில்லை. விஷயம் ஊருக்குள் பரவியது. சிலர் தாங்களாகவே வந்து சொன்னார்கள். சிலர் தெருவை மாற்றி நடந்தார்கள். அதில் ஒருவர் நம் சபையில் வேதபாடம் வாசிக்கிறவர் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லமாட்டேன்.

ஒரு அக்கா வந்தார்கள். பெயர் போடாதே என்று சொல்லி, எழுதிக்கொள்ள அனுமதி கொடுத்திருக்கிறார்கள். "தம்பி, எம் பக்கமும் அழிஞ்சுபோச்சாமே. ஆயிரத்து முந்நூத்தி நாப்பது. எழுதிக்கிடுங்க" என்றார்கள். நான் 1,100 என்று நினைத்திருந்தேன். எப்படி அக்கா என்று கேட்டேன். ஒவ்வொன்றாக விரல் விட்டுச் சொன்னார்கள். கடைசியில், "வெள்ளத்துக்குப் பெறவு நாலு மெழுகுவத்தி, நாப்பது" என்றார்கள்.

இருபது என்று எழுதுவதா நாற்பது என்று எழுதுவதா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கல்லாவுக்கு மேலே அட்டைகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்கிற நீதிமொழி மட்டும் அதில் இல்லை. அந்த வசனத்தை இதுவரை எந்தச் சபையும் வருஷ வாக்குத்தத்தமாகக் கொடுத்து நான் பார்க்கவில்லை.

அந்த அக்கா ஆலயத்துக்கு வந்து அப்போதே ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. ஏன் என்று கேட்டேன். குழுக் கடன் வாங்கியிருக்கிறார்கள். வாரத் தவணை. ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும், அதனால் தவணைக்காரர் வருமுன்னே பக்கத்து வீட்டுக்காரியே வாசலில் வந்து நிற்பாள். இதை நம் பெண்கள் கூட்டத்தில் ஒருநாள் சொல்லி அழுதிருக்கிறார்கள். கைவைத்து ஜெபித்தோம், வசனம் கொடுத்தோம், விசுவாசமாய் இருங்கள் அற்புதம் நடக்கும் என்று அனுப்பினோம். மறுவாரம், "என்னம்மா, அற்புதம் நடந்துச்சா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்கடுத்த வாரம் இன்னொருவர். சொல்வதற்குச் சாட்சி இல்லாதவளுக்கு அங்கே என்ன இடம் என்று நின்றுவிட்டார்கள்.

அக்காமாரைக் குற்றம் சொல்லவில்லை. ஜெபித்தது தப்பில்லை. ஆனால் வேதத்தில் யாக்கோபு தன் நிருபத்தில் இதை நமக்காகவே எழுதி வைத்த மாதிரி இருக்கிறது: ஆகாரமில்லாதவனைப் பார்த்து, "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லிவிட்டு ஒன்றும் கொடாவிட்டால் பிரயோஜனமென்ன என்று கேட்கிறாரே. அந்த அக்காவின் தவணை அப்போது வாரம் 650 ரூபாய். போன அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டபோது ஒரு சேவல் எத்தனை ஆயிரத்துக்குப் போனது என்று உங்களுக்கே தெரியும். (ஏலம் கேட்ட சில பேர் இன்னும் பணம் கட்டவில்லை என்று பொருளாளர் அண்ணாச்சி என் கடையில் நின்று புலம்பினார். அது தனிக் கதை.)

அட்டைக்கு வருகிறேன். நம் வீடுகளில் அதிகம் தொங்குகிற வசனம் எரேமியா 29:11தான் என்று நினைக்கிறேன். உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன், அவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகள் என்று கர்த்தர் சொல்கிற வசனம். வெள்ளம் வந்த வருஷம் என் அட்டையிலும் அதுதான் இருந்தது. வெள்ளத்துக்குப் பிறகு கொஞ்சம் கோபமாகத்தான் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தேன். அது வருஷப் பிறப்புக்கு எழுதின வாழ்த்து அல்ல. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து சிறைபிடித்து பாபிலோனுக்குக் கொண்டுபோன ஜனங்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதி அனுப்பின கடிதம். சீக்கிரம் ஊர் திரும்பிவிடலாம் என்று சில தீர்க்கதரிசிகள் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எரேமியா எழுதினது வேறு: 70 வருஷம் ஆகும். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், உங்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணுங்கள். இவ்வளவுக்கும் அப்புறம்தான் 11ஆம் வசனம் வருகிறது.

70 வருஷம் என்றால் கடிதத்தை வாங்கின பெரியவர்கள் யாரும் திரும்பிப் போகப்போவதில்லை. அவர்களிடம் கர்த்தர் தோட்டம் போடச் சொல்கிறார். அட்டையில் அடிக்க முடியாத வாக்குத்தத்தம் இது. அந்த அக்காவுக்கு இந்த முழு அதிகாரத்தையும் யாராவது உட்கார்ந்து வாசித்துக் காட்டியிருந்தால், கடன் தீராத தன்னையும் கர்த்தர் தள்ளிவிடவில்லை என்று ஒருவேளை நம்பியிருப்பார்கள்.

"பட்டணத்தின் சமாதானம்" என்றதும் எனக்கு ஸ்ரீவைகுண்டம் ஞாபகம் வருகிறது. அதே வெள்ளத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் அங்கே நின்றுவிட்டது. சுமார் 800 பயணிகள். தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லை, நாலு பக்கமும் தண்ணீர். ஹெலிகாப்டரில் சாப்பாடு வருமுன்னே, பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்களிடம் இருந்த அரிசியைப் போட்டுப் பொங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர்கள் ஊரும்தான் வெள்ளத்தில் நின்றது. அவர்களுக்கும் அடுத்த சரக்கு எப்போது வரும் என்று தெரியாது. நானும் அவர்களும் ஒரே மழையில் நனைந்தவர்கள்தான். அந்த வாரம் நான் மெழுகுவர்த்தி விலையை மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். விசுவாசத்தைப் பற்றிப் பேச வாயெடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஊர்ப் பானைகள்தான் கண்முன் வருகின்றன. அவர்கள் யார், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்கள் என்று நான் விசாரிக்கவில்லை. ரயிலில் இருந்தவர்களையும் அவர்கள் விசாரித்திருக்கமாட்டார்கள்.

இது நமக்குத் தெரியாத பாடம் அல்ல. எங்கள் ஆச்சி உலை வைக்கும்போது, அரிசி களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்து மூலையில் இருக்கிற மண்கலயத்தில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கலயத்தை ஆலயத்துக்குக் கொண்டுபோவாள். கைப்பிடி அரிசிக் காணிக்கை. இங்கே பல பேருடைய ஆச்சி அதைச் செய்தவர்கள்தான். மிசோரம் பக்கத்துச் சபைப் பெண்கள் 1910 வாக்கில் தொடங்கின அதே மாதிரியான வழக்கத்தை இன்றைக்கும் விடாமல் நடத்திவருகிறார்கள், நாம்தான் நிறுத்திவிட்டோம். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாட்களில் ஆச்சி என்ன செய்தாள் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். பிடி கொஞ்சம் சின்னதாகும், ஆனால் எடுக்காமல் இருந்ததில்லை என்றாள். சமைத்து மிஞ்சினால் கொடுப்பது வேறு. உலையில் போடுமுன்னே எடுத்து வைப்பதற்குத்தான் தைரியம் வேண்டும். வேதத்தில் பஞ்ச காலத்தில் சாறிபாத் ஊர் விதவை எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் அடை சுட்டுக் கொடுத்தபோது பானையில் இருந்ததும் ஒரு பிடி மாவுதான்.

அந்தப் பிடி அரிசி போட்ட தலைமுறைதான் 1903இல் பாளையங்கோட்டையில் ஒரு மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியது. நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்று சொல்லித் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பியது. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அதை முன்னின்று நடத்தினார். பிறகு தாமே அங்கே ஊழியத்துக்குப் போய், 1912இல் பேராயராகவும் ஆனார். அவர் 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனெரிகளை வைத்துக்கொண்டே, ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அவர் படத்துக்கு வருஷாவருஷம் நாம் மாலை போடுகிறோம். அவர் அன்று வெள்ளைக்காரர்களிடம் கேட்டதைத்தான் அந்த அக்கா நம்மிடம் கேட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. "அற்புதம் நடந்துச்சா" என்று கேட்காமல், தவணைக் கிழமையன்று அவர்கள் வீட்டுத் திண்ணையில் வந்து சும்மா உட்கார்ந்திருக்க ஒரு ஆள்.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். நம் ஆலயத்தில் மணி அடித்து, பெருக்கி, கல்லறைத் தோட்டத்துப் புல் வெட்டுகிற தாத்தாவுக்கு மூன்று மாதமாகச் சம்பளம் கொடுக்கவில்லை. ஆலயக் கோபுரம் கட்டச் சேர்த்த கோபுர நிதியில் பணம் இருக்கிறது, ஆனால் அதைத் தொடக் கூடாது என்று தீர்மானம் போட்டிருப்பதாகச் சொல்கிறீர்கள். தீர்மானம் சரிதான். ஆனால், "கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது" என்று லேவியராகமத்தில் ஒரு தீர்மானம் அதற்கு முன்பே போட்டிருக்கிறதே. விடியற்காலம் வரைக்கும்கூட வைத்திருக்கக் கூடாதாம். நாம் தொண்ணூறு விடியற்காலம் தாண்டிவிட்டோம்.

உங்களை எனக்குத் தெரியும். யாரும் தாத்தாவை ஏமாற்ற நினைக்கவில்லை. கம்பி விலை ஏறுமோ, காணிக்கை குறையுமோ, பாதியில் கோபுரம் நின்றால் பக்கத்துச் சேகரத்துக்காரர்கள் சிரிப்பார்களோ என்ற பயம். என் மெழுகுவர்த்திப் பயமும் இதுதான். அதனால்தான் என் வண்டவாளத்தை முதலில் சொன்னேன். வனாந்தரத்தில் கர்த்தர் அன்றன்றைக்குக் கொடுத்த மன்னா என்கிற ஆகாரத்தை மறுநாளைக்கென்று பயந்து பதுக்கினவர்களுக்கு அது பூச்சி பிடித்து நாறியது. ஓய்வுநாளுக்காக, கர்த்தர் சொன்னபடி எடுத்து வைத்ததோ கெட்டுப்போகவில்லை. சேர்த்து வைக்கவே கூடாது என்று ஒரு கடைக்காரன் சொல்வேனா? யோசேப்பு எகிப்தில் ஏழு வருஷம் தானியம் சேர்த்தான். அது பஞ்சத்தில் ஜனங்கள் சாப்பிடுவதற்கு. சேர்த்த நாளில் களஞ்சியத்து வேலைக்காரனைப் பட்டினி போட்டதாக அங்கே எழுதியிருக்கவில்லை.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

அட்டையை அடியுங்கள். கலர் வேண்டாம், பிளாஸ்டிக் உறை வேண்டாம், பழைய மாதிரி சாதா அட்டையே போதும். அதில் மிஞ்சுகிற பணத்தையும் ஏலப் பாக்கியையும் சேர்த்து ஒரு சின்ன நிதி தொடங்கலாம். தவணைக்கு முந்தின நாள் திணறுகிறவர்களுக்கு, வட்டியில்லாமல், பெயர் அறிவிக்காமல் கொடுக்க. முதலில் என் பங்காக 5,000 ரூபாய் தருகிறேன். இதை நன்கொடைப் பட்டியலில் வாசிக்க வேண்டாம், மெழுகுவர்த்தியில் வந்த பணம்தான். வாங்கினவர்களைத் தேடித் தேடிக் கொடுத்ததுபோக, யார் என்று ஞாபகமில்லாதவர்களுடைய பங்கையும் என் பயத்துக்கு நானே போட்ட அபராதத்தையும் சேர்த்த தொகை அது.

பெண்கள் ஐக்கிய சங்கத்தார் கைப்பிடி அரிசியை மறுபடி ஆரம்பிக்க முடியுமா என்று யோசியுங்கள். இந்தக் காலத்தில் யார் அரிசி தூக்கி வருவார்கள் என்பீர்கள். கூகுள் பேயில் அனுப்பலாம்தான். ஆனால் உலை வைக்கிற நேரத்தில் கையால் எடுத்துப் போட்டால், தினமும் ஒரு தடவை அடுத்த வீட்டு உலை நினைவுக்கு வரும். போனில் அது வராது.

அப்புறம் சாட்சி நேரம். பிரச்சினை முடிந்தவர்கள் மட்டும்தான் நம் ஆலயத்தில் மைக் பிடிக்கிறார்கள். 31ஆம் தேதி இரவு, இன்னும் முடியாதவர்களும் எழுந்து, முடியவில்லை, ஆனாலும் வந்திருக்கிறேன் என்று சொல்ல இடம் கொடுங்கள். சங்கீதம் 88ஐ வாசித்துப் பாருங்கள். கடைசி வசனம் வரைக்கும் அதைப் பாடினவனுக்கு ஒரு விடிவும் வரவில்லை. வேதத்தில் அதற்கே இடம் இருக்கிறது. எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் முதல் ஏழு நாளும் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள்; வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

இன்னொன்று, சின்ன விஷயம். இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தில் நாம் ஆராதனையில் "எங்கள் குற்றங்களை எங்களுக்கு மன்னியும்" என்கிறோம். மத்தேயுவில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று இருக்கிறது. குற்றம் என்று சொல்லும்போது எனக்கு யார் முகமும் ஞாபகம் வருவதில்லை. கடனாளி என்றால் பக்கம் பக்கமாக ஞாபகம் வருகிறது. அந்த ஒரு இரவு மட்டும் ஐயர்வாள் மத்தேயுவில் இருக்கிறபடியே சொல்ல வைத்தால் நன்றாயிருக்கும். நனைந்து காய்ந்த அந்த மூன்று நோட்டையும் நான் இன்னும் தூக்கி எறியவில்லை. நீலக்கறைப் பக்கங்களைக் கிழித்துவிடுவதாக இருக்கிறேன். தெருவை மாற்றி நடக்கிறவருடைய பக்கத்தையும் சேர்த்துத்தான். அதற்கு மட்டும் இன்னும் மனசு முழுசாக வரவில்லை, ஜெபித்துக்கொள்ளுங்கள்.

31ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு வருவேன். அந்த அக்காவையும் கூப்பிட்டிருக்கிறேன். வருவதாகச் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வந்தால் தயவுசெய்து யாரும் ஒன்றும் கேட்காதீர்கள். பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
தெற்குத் தெருக் கடைக்காரத் தம்பி

பின்குறிப்பு: தாத்தா மூன்று மாதமாக என் கடையில்தான் பற்றுக்கு அரிசி வாங்குகிறார். ஆகஸ்டுக்குப் பிறகு 3,860 ரூபாய் ஆகியிருக்கிறது. நேற்று அவர் பக்கத்தை அடித்துவிட்டு, புது நோட்டில் "சேகரக் கமிட்டி" என்று ஒரு பக்கம் திறந்து, அந்தத் தொகையை அங்கே மாற்றி எழுதியிருக்கிறேன். பால்பாயிண்ட் பேனாவில்தான். பொருளாளர் அண்ணாச்சி நேரம் கிடைக்கும்போது கடைப்பக்கம் வரவும்.